துணிக்கு அந்தப் பக்கம்

எட்டூரணிப்பட்டியில் பங்குனிப் பொங்கலுக்கு மூன்று நாள் படம் போடுவார்கள். காளியம்மன் கோயில் பொட்டலில் இரண்டு பனங்கம்பம் ஊன்றி, நடுவில் வெள்ளைத் துணியை விறைக்க இழுத்துக் கட்டி, துணிக்கு முன்னால் ஆண்கள் உட்காருவார்கள், துணிக்குப் பின்னால் பெண்கள் உட்காருவார்கள். ஏன் என்றால், அப்படித்தான். எந்தக் காலத்துத் தர்மகர்த்தாவோ சொல்லிவைத்தது. ஆண் முகம் பெண்ணுக்கும் பெண் முகம் ஆணுக்கும் தெரியாமல் ஒரே படத்தை ஊரே பார்க்க, இதைவிடச் சல்லிசான சுவர் அவருக்குக் கிடைத்திருக்காது.

அந்த ஊர்ப் பெண்கள் பிறந்ததிலிருந்து படத்தை இடவலம் மாற்றித்தான் பார்த்தார்கள். எழுத்தெல்லாம் திரும்பி நிற்கும். சினிமாவில் எல்லாரும் இடது கையால் சோறு தின்றார்கள், இடது கையால் திருநீறு பூசினார்கள், மாப்பிள்ளை வலது பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் இடது பக்கம் இருந்து தாலி கட்டினான், "மெட்ராஸ்ல அப்படித்தான் போல" என்று பெண்கள் அதையும் ஒப்புக்கொண்டார்கள். கதாநாயகிக்கு மூக்குத்தி இடது பக்கம் மின்னியதைப் பார்த்து இரண்டு தலைமுறையாக இடது பக்கமே குத்திக்கொண்டார்கள். வெளியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனால், பேர் கேட்பதற்கு முன்னால் மூக்கைப் பார்த்து, "எட்டூரணியா நீ?" என்று கேட்டுவிடுவார்கள்.

கண்மாய் மூன்றாவது வருஷமாக வறண்டு கிடந்த பங்குனியில், முதல் நாள், பொழுது அடைந்து படம் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், கதாநாயகி வெள்ளைச் சேலையில் அருவிக்கு அடியில் வந்து நின்றாள். முன்பக்கம் விசில் பறந்தது. பின்பக்கம் துணியில் அருவி இல்லை, கதாநாயகி இல்லை. அவள் நிற்க வேண்டிய இடத்தில் டீக்கடை முத்தையா இருந்தார். கம்பத்துக்குக் கம்பம் அவர் முகம்தான். வாய் பிளந்திருந்தது, உள்ளே வெற்றிலை கிடந்தது.

"இது டீக்கடைக்காரர்லா?" என்றாள் ஒருத்தி.

"அவுகதான்," என்றாள் முத்தையா பெண்சாதி. "எச்சிலை முழுங்காம இருக்காக பாரு. இந்தா ஒழுகப் போவுது."

ஒழுகியது. பெண்கள் பக்கம் சிரித்தது. அதோடு சரி, யாரும் எழுந்து ஓடவில்லை, சாமி என்று விழவில்லை. படம் பார்க்க வந்தவர்கள் படம் பார்த்தார்கள். பாட்டு முடிவதற்குள் அதன் சூட்சுமமும் பிடிபட்டுவிட்டது. கதாநாயகி எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாளோ அது இந்தப் பக்கம் தெரிகிறது. அவளைப் பார்த்துக்கொண்டிருப்பது எட்டூரணிப்பட்டி ஆண்பிள்ளைகள், ஆகவே எட்டூரணிப்பட்டி ஆண்பிள்ளைகள் தெரிகிறார்கள். யார் ரொம்பக் கூர்ந்து பார்க்கிறானோ அவன் முகம் பெரிசாகத் தெரிகிறது. அங்கே இடுப்பை நெருக்கிக் காட்டினால் இங்கே ஒருத்தன் கண் நெருங்கி வருகிறது, கண்ணின் வெள்ளையில் ஓடும் சிவப்பு நரம்புவரை. கதாநாயகி போய்க் கதாநாயகனும் அவன் அம்மாவும் பேச வந்தால் வழக்கம்போல இடவலம் மாறிய படம். அவள் திரும்பி வந்தால் மறுபடி ஊர்.

சண்முகக்கனிக்கும் சிரிப்பு வந்தது. இருபத்தோரு வயசு, தீப்பெட்டி ஆபீசில் ஒன்பது வருஷமாகப் பெட்டி ஒட்டுகிறவள், கைவேகம் அவளுக்கு மிஞ்சி ஆளில்லை. பொங்கல் முடிந்த மறுநாள், நாலாம் நாள் காலையில், அவளுக்குப் பரிசம் போடுவதாக இருந்தது. மாப்பிள்ளை அவள் அத்தை குருவம்மாளின் மகன் சௌந்தரராசு. பால் சொசைட்டியில் எழுத்து வேலை. தெருவில் போனால் குனிந்த தலை நிமிரமாட்டான், பெண்கள் குழாயடியில் நின்றால் சுற்றிப் போவான், அவனைக் காட்டித்தான் ஊரில் மற்ற பையன்களுக்கு வசவு விழும். சின்ன வயசிலிருந்தே அவனுக்கு இவள் என்று பேச்சு. அவளும் மறுத்து நினைத்தது கிடையாது.

துணியில் அவன் முகம் வருமா என்று அவள் தேடத்தான் செய்தாள். அருவிப் பாட்டில் வரவில்லை. தோட்டத்துப் பாட்டில் வரவில்லை. கிணறு வெட்டுகிற சங்கிலி மட்டும் எல்லாருக்கும் பின்னால், சைக்கிளில் சாய்ந்து, படம் தொடங்கியதிலிருந்து தூங்கிக்கொண்டிருப்பது ஓரத்தில் சின்னதாகத் தெரிந்தது. "அந்த மனுசனைப் பாருங்க, கோயில் காளை கெணக்கா," என்றாள் செல்லத்தாய் மதினி. செல்லத்தாய் சண்முகக்கனிக்குப் பெரியப்பா மகன் பெண்சாதி, ஆபீசில் பக்கத்து இருக்கை, நாக்கில் எலும்பே கிடையாது. அந்த ஒரு தூக்கத்துக்காகச் சங்கிலிக்கு அந்த வருஷமே மூன்று இடத்திலிருந்து பெண் கொடுக்க வந்தார்கள் என்பது தனிக்கதை.

இடைவேளை முடிந்து வில்லன் வந்தான். எல்லாப் படத்திலும் வருகிற இடம்தான். மழை, தனி வீடு, அவன் கதவைத் தாழ் போடுகிறான், அவள் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டுகிறாள். பெண்கள் பக்கம் எப்போதும் அந்த இடத்தில் பிள்ளைகளின் கண்ணைப் பொத்திவிட்டுத் தானும் எங்கேயாவது பார்க்கும். அன்றைக்கும் பொத்தினார்கள். துணியில் ஆண்கள் முகம் வரிசையாக வந்தது, சிலர் தரையைப் பார்த்தார்கள், சண்முகக்கனியின் அப்பா கருத்தப்பாண்டி தலையைக் குனிந்து துண்டின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார், சிலர் பீடியை உறிஞ்ச மறந்திருந்தார்கள். அப்புறம் அந்த எல்லா முகத்தையும் தள்ளிக்கொண்டு ஒரு முகம் முன்னால் வந்தது, பெரிசாகி, இன்னும் பெரிசாகி, கம்பத்தைத் தாண்டிவிடும்போல நின்றது.

சௌந்தரராசு. தலை குனியவில்லை. உதடு ஈரமாக இருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஏதோ பந்தியில் தன் இலைக்குச் சோறு வருவதைப் பார்க்கிறவன் மாதிரி இருந்தான்.

அதையும் அவள் பொறுத்திருப்பாள், அதற்கப்புறம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கதாநாயகன் வந்து கதவை உடைத்தான். ஆண்கள் பக்கம் கைதட்டல் அதிர்ந்தது, துணியில் முகமெல்லாம் மலர்ந்தது, டீக்கடை முத்தையாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு முகம் மட்டும் சுருங்கியது. கையிலிருந்த பண்டத்தைக் காக்கா கொத்திப் போனால் பிள்ளை முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போயிற்று. கதவு உடைந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை.

நானூறு பெண்கள் பார்த்தார்கள். அம்மா அவள் கையைப் பிடித்தாள். பெண்களுக்கு நடுவில் இருந்த அத்தை குருவம்மா முந்தானையை உதறி, "கொசு," என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் தீப்பெட்டி ஆபீசில் வேலை ஓடியது, வாயும் ஓடியது. பெண்கள் அதிசயத்தைப் பற்றிப் பேசவில்லை. யார் எந்தப் பாட்டில் எப்படி இருந்தார்கள் என்று பேசினார்கள். "எங்க வீட்டுக்காரருக்கு இத்தனை நாளும் கிட்டப்பார்வைன்னு நெனச்சேன் மதினி, அருவியில ஒரு துளி விடலையே." "ஒங்க கொழுந்தன் நாக்கைச் சுழட்டுனதைப் பாத்தேன், இனிமே அவருக்குக் கொழம்பு ஊத்தும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வரும்." "விடு, இதுவரைக்கும் நம்மளை என்னைக்கு அப்படிப் பாத்தாக." "பாத்தா பாத்திரத்தைக் கொண்டு எறிஞ்சிருக்க மாட்டேன்?"

சண்முகக்கனி நூறு பெட்டி ஒட்டி முடித்ததும் சொன்னாள்: "மதினி, நான் அத்தானைக் கட்டிக்கிட மாட்டேன்."

செல்லத்தாய் பசைக் கையை நீட்டி அவள் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். "சொல்லுததை இங்க சொல்லாத. வீட்டுல போய்ச் சொல்லு."

சொன்னாள். கருத்தப்பாண்டி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"படத்துல பாத்தான், அதானே? தெருவுல பாத்தானா? யார் கையையாச்சும் பிடிச்சு இழுத்தானா? பாக்குறதுக்கெல்லாம் பரிசத்தை நிறுத்துனா, நாட்டுல ஒருத்தனுக்கும் கல்யாணம் ஆவாது."

"பாத்ததுக்கில்லப்பா."

"பெறகு?"

"அவளைக் காப்பாத்துனது அவருக்குப் பிடிக்கலப்பா."

கருத்தப்பாண்டி பெண்சாதியைப் பார்த்தார். அவள் குழம்புச் சட்டியை இறக்கிவிட்டு, "நீங்க அந்த இடத்துல தலையைக் குனிஞ்சீக. அதனாலதான் இப்ப ஒங்களுக்குச் சோறு போட்டுக்கிட்டிருக்கேன்," என்றாள். இருபத்திநாலு வருஷத்தில் அவள் அவருக்குக் கொடுத்த ஒரே பாராட்டு அது. ஆனாலும் அவர் அசையவில்லை. ஒரே தங்கச்சி, குருவம்மா. புருசன் செத்து, ஒற்றைப் பிள்ளையை வைத்துக்கொண்டு கரிசலில் தனியாகப் பருத்தி போட்டுப் பிழைத்தவள். அவள் மகனை வேண்டாம் என்றால் அண்ணன் வீட்டு வாசலை அப்புறம் மிதிக்க மாட்டாள்.

சாயங்காலம் குழாயடியில் சௌந்தரராசே வந்தான். முதல்முறையாகச் சுற்றிப் போகாமல் நேராக வந்தான்.

"கனி, அது படம்தான."

"படம்தான் அத்தான். கதவை ஒடச்சதும் ஒங்க மொகம் ஏன் அப்படிப் போச்சு?"

அவன் தரையைப் பார்த்தான். "வெளிச்சம் கண்ணுல பட்டுது."

"வெளிச்சம் பின்னாடியிருந்துல்லா வருது," என்று சொல்லிவிட்டு அவள் குடத்தைத் தூக்கினாள்.

இரண்டாம் நாள் படத்துக்கு ஆண்கள் தயாராக வந்தார்கள். விஷயம் வீடு வீடாகப் பரவி, சாப்பாட்டில் உப்புக் குறைந்து, ஆளாளுக்கு விளங்கியிருந்தது. துணியில்தான் கோளாறு என்று சொல்லிக் காலையிலேயே கழற்றி, கல்லுப்புப் போட்டு அலசி, மந்திரித்து, முன்பக்கம் பின்னாகத் திருப்பிக் கட்டினார்கள். கோவில்பட்டியிலிருந்து மிஷின் கொண்டுவந்த படக்காரர் டேனியல், "என் ரீல்ல அருவிதான் இருக்கு, ஒங்க ஊர்க்காரன் இல்ல, நான் ஒண்ணும் செய்ய முடியாது," என்று ஒதுங்கிக்கொண்டார். அதற்குமேல் ஆண்கள் முகத்தை நம்பினார்கள். எல்லாரும் எழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார்கள். கதாநாயகி வந்ததும் சிலர் துண்டால் மூடிக்கொண்டார்கள், சிலர் வானத்தைப் பார்த்தார்கள், தர்மகர்த்தா பொன்னுச்சாமி கண்ணை மூடி முருகனைச் சொன்னார். முதல் பாட்டுவரை அது நின்றது. இரண்டாம் பாட்டில் துண்டு ஒவ்வொன்றாக இறங்கியது. மூன்றாம் பாட்டில் பொன்னுச்சாமியின் ஒரு கண் மட்டும் திறந்தது, அந்த ஒரு கண் துணி முழுக்க வந்து நின்றபோது பெண்கள் சிரித்த சிரிப்பில் கம்பத்துக் கயிறு ஒன்று தளர்ந்துபோனது. சௌந்தரராசு வரவே இல்லை. காய்ச்சல் என்றான்.

மூன்றாம் நாள் காலையில் கோயிலில் கூட்டம் போட்டார்கள். இவ்வளவு சிரிப்பு அந்தப் பக்கம் நடக்கிறதென்றால் அந்தப் பக்கம்தான் நல்ல பக்கம், முப்பது வருஷமாகத் தங்களை மொட்டைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏமாற்றியிருக்கிறார்கள் என்று ஆண்பிள்ளைகளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதை யார் தடுப்பது.

"இன்னைக்கு நாங்க பின்னாடி," என்றார் பொன்னுச்சாமி. "பொம்பளைக முன்னாடி போங்க. நாங்களும் பாக்கணும்லா."

"தாராளமாப் பாருங்க மாமா," என்றாள் செல்லத்தாய்.

அப்போது சண்முகக்கனி எழுந்தாள். கோயில் கூட்டத்தில் கல்யாணமாகாத பெண் பேசுகிற வழக்கம் இல்லை. பேசினாள். "முத நாள் போட்ட படத்தையே போடணும். எல்லா ஆம்பளைகளும் வரணும், காய்ச்சல் இருந்தாலும்."

கருத்தப்பாண்டிக்கு முகம் கறுத்தது. ஊருக்கு முன்னால் வந்துவிட்டது, இனி மூடிவைக்க முடியாது. "சரி," என்றார். "ஊரறியச் சொல்லுதேன். அந்த இடத்துல என் கண்ணுக்கும் ஏதாச்சும் தெரிஞ்சா நாளைக்குப் பரிசம் இல்ல. ஒண்ணும் தெரியலேன்னா, வாயை மூடிக்கிட்டு மணையில உக்காரணும். சம்மதமா?"

"சம்மதம்."

வெளியே வந்ததும் செல்லத்தாய் அவள் தோளில் அறைந்தாள். "கூறுகெட்டவளே. அவன் பின்னாடி உக்காந்தா அவன் மொகம் துணியில எப்படி வரும்? யோசிச்சியா?"

"வராது மதினி. நம்ம மொகம்தான் வரும்."

"அதுல என்ன இருக்கு?"

"தெரியல," என்றாள் சண்முகக்கனி. உண்மையிலேயே தெரியவில்லை.

பொழுது அடைந்தது. காய்ச்சல் என்று சொன்ன சௌந்தரராசுக்குப் பின்பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பெண்கள் முன்பக்கம் வந்து உட்கார்ந்தார்கள், முதலில் அன்னிய வீட்டில் உட்காருகிற மாதிரி ஓரமாக, அப்புறம் காலை நீட்டி. அன்றைக்கு முன்னால் வந்தவர்கள் அதற்கப்புறம் எந்த வருஷமும் பின்னால் போகவில்லை. படம் தொடங்கியது. எழுத்து நேராக வந்தது, அவர்களுக்கு அது திரும்பி நிற்கிற மாதிரி இருந்ததால் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். கதாநாயகன் வலது கையால் சோற்றைப் பிசைந்ததும் கூட்டம் மொத்தமும் ஓர் ஆச்சரியத்தோடு பக்கத்துக்குப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டது. அருவி வந்தது. அந்தப் பக்கம் ஆண்கள் சிரிப்பது கேட்டது.

"ஏ முத்தையா, ஒன் பொண்டாட்டி கொட்டாவி விடுதாவே."

"ஒன் ஆத்தாளைப் பாருல, எள்ளுருண்டை தின்னுக்கிட்டே அந்தப் பிள்ளை நனைஞ்சு நிக்காளேன்னு பாவப்படுதா."

சண்முகக்கனி முதல் வரிசையில் இருந்தாள். ஒருபக்கம் அம்மா. மறுபக்கம், எங்கிருந்தோ வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அத்தை குருவம்மா உட்கார்ந்தாள். சண்முகக்கனி என்ன முகம் வைத்துக்கொள்ளலாம் என்று மத்தியானமெல்லாம் யோசித்து வைத்திருந்தாள், கோபமாக ஒன்று, அழுகையாக ஒன்று. மழை பெய்தது. வில்லன் கதவைத் தாழ் போட்டான். அவள் யோசித்து வைத்ததெல்லாம் போயிற்று.

யாரும் அன்றைக்குப் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தவில்லை. யாரும் வேறெங்கும் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் பார்க்காமல் விட்ட இடத்தை நானூறு பெண்கள் முழுக்கப் பார்த்தார்கள், இமைக்காமல் பார்த்தார்கள், பருத்திக் காட்டு ஒற்றையடிப் பாதையில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்கும்போது எப்படி உடம்பு விறைத்து, மூச்சு நின்று, எத்தனை எட்டில் வீடு வரும் என்று கணக்குப் போடுமோ அப்படிப் பார்த்தார்கள். வளையல் சத்தம் நின்றது. அத்தையின் கை வந்து சண்முகக்கனியின் மணிக்கட்டைப் பிடித்தது, நகம் இறங்கியது, இவள் கையை இழுக்கவில்லை. துணிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் முன்புவரை சிரிப்பாக இருந்தது, ஒவ்வொரு குரலாக அணைந்தது. ஒருவர் இருமினார். அப்புறம் இருமலும் இல்லை.

அவள் முகம் பெரிசாக இருக்கிறதா, அத்தை முகம் பெரிசாக இருக்கிறதா, அவளுக்குத் தெரியாது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு உடைந்தது. கதாநாயகன் உள்ளே பாய்ந்தான். முன்பக்கம் யாரும் கைதட்டவில்லை, பின்பக்கமும் தட்டவில்லை, சண்டைச் சத்தம் மட்டும் பொட்டலில் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் துணிக்குப் பின்னால் ஒரு நாற்காலி சரிந்தது. யாரோ எழுந்து, பிறகு ஓடுகிற மாதிரி, கரிசல் பக்கமாகப் போகிற காலடி கேட்டது.

குருவம்மா துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "ஏளா, முத நாள் அவன் மொகத்தை நீ நல்லாப் பாத்தியா? சிரிச்சானா?"

"சிரிக்கல அத்தே. கதவு ஒடஞ்சதுக்கு வருத்தப்பட்டாரு."

"நானும் பாத்தேன். கொசுன்னு எந்திரிச்சிட்டேன்." அத்தையின் குரல் சோளத்தட்டை முறிகிற மாதிரி இருந்தது. "எனக்குப் பதினேழு வயசு. ஓடைக்கரையில. அன்னைக்கு எந்தக் கதவையும் எவனும் வந்து ஒடைக்கல." அவ்வளவுதான் சொன்னாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு மணிக்கட்டை விட்டு, நகம் பதிந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டாள். "நாளைக்குப் பரிசத் தட்டு வராது. நான் வருவேன். எங்க அண்ணன் வீட்டுக்கு நான் வருவேன், சோறு தின்பேன். அவன் வர மாட்டான்."

சண்முகக்கனியின் அம்மா எட்டி நாத்தனாரின் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள். மூன்று பேரும் படத்தைப் பார்த்தார்கள்.

வில்லன் அடிவாங்கிக்கொண்டிருந்தான். முதலில் செல்லத்தாய்தான் விசிலடித்தாள், இரண்டு விரலை வாயில் வைத்து, எங்கே பழகினாளோ, மிஷின் சத்தத்தையும் மீறிய விசில். "போடு அந்தச் சவத்தை," என்றாள் முத்தையா பெண்சாதி. அதற்கப்புறம் நானூறு தொண்டையும் திறந்துகொண்டது. ஒவ்வொரு அடிக்கும் ஓர் ஆரவாரம், கதாநாயகியே கட்டையைத் தூக்கி ஒன்று வைத்தபோது பொட்டல் புழுதி எழும்பியது, கோயில் மணி தானாக அசைந்தது என்று பிறகு சொன்னார்கள், அசைந்தாலும் அசைந்திருக்கும், அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்டது.

அப்போது கருத்தப்பாண்டி துணியைச் சுற்றி முன்பக்கம் வந்தார். துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். நேராக மகளிடம் வந்து, மிஷின் வெளிச்சத்தில் நடுவாக நின்றார், கதாநாயகியின் மேல் அவர் நிழல் தலையும் தோளுமாக விழுந்தது. மகளைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார். ஊரறியப் பேசின பரிசத்தை ஊரறிய வேண்டாமென்று சொல்ல வந்த மனுசன், முன்பின் பழக்கமில்லாததால், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றார்.

சண்முகக்கனிக்குப் புரிந்தது. சொல்ல வேண்டியதில்லை. அத்தை சொல்லியாயிற்று. துணியில் கதாநாயகியின் கட்டை இரண்டாவது தரம் ஓங்கியிருந்தது.

"மறைக்குதுப்பா," என்றாள். "தள்ளி நில்லுங்க."

அவர் குனிந்து தள்ளிப்போனார்.